ஷோரூம்காரர் சொன்னதை எழுதி வாங்கினீர்களா?

வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்களிலிருந்து கார் வாங்கியவர்களும் வாங்கப் போகிறவர்களும் எழுதிய கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். எழுதியவர்களின் பெயரும் கடைகளின் பெயரும் நீக்கப்பட்டுள்ளன.

கேள்வி: ஐயா, வணக்கம். நான் பாகூர் பக்கம் நெல் பயிர் செய்பவன். சொர்ணவாரி அறுத்த பணத்தோடு பாங்கு கடனும் சேர்த்து சின்ன பெட்ரோல் கார் ஒன்று எடுக்கப் பணம் கட்டினேன். புக்கிங் செய்யும்போது ஒரு விலை சொன்னார்கள். இப்போது ஹேண்ட்லிங் சார்ஜ், ஆக்சஸரீஸ் பேக், எக்ஸ்டெண்டட் வாரண்டி, இன்சூரன்ஸ் என்று தொகை ஏறிக்கொண்டே போகிறது. கேட்டால் "எல்லாருக்கும் இதுதான் சார்" என்கிறார்கள். கடலூர் ஷோரூமில் குறைவாகத் தருகிறார்கள் என்கிறான் மகன். அங்கே போய் எடுக்கலாமா?

பதில்: முதலில் அந்த "ஆன்ரோடு விலை"யைப் பிரித்து எழுதி வாங்குங்கள். கம்பெனி பெயர் அச்சிட்ட தாளில், கையெழுத்தும் முத்திரையும் போட்டுத் தர வேண்டும். வாட்ஸப்பில் அனுப்பும் போட்டோ போதாது. தாள் கைக்கு வந்ததும் ஒவ்வொரு வரிக்கும் நேரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தப் பணம் யாருக்குப் போகிறது? சாலை வரியும் பதிவுக் கட்டணமும் அரசுக்குப் போகும், அதற்கு அரசு ரசீது வரும். இன்சூரன்ஸ் பிரீமியம் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போகும், அதற்குப் பாலிசி வரும். எக்ஸ்ஷோரூம் விலையோடு ஜி.எஸ்.டி. சேர்ந்தே இருக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டர் நீளத்துக்குள், 1,200 சி.சி.க்குள் இருக்கும் பெட்ரோல் கார்களுக்கு வரி 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. அதற்கு முன்பு செஸ்ஸோடு சேர்த்து 29 சதவீதம். பழைய விலைப்பட்டியலைக் காட்டித் தள்ளுபடி தருவதாகச் சொன்னால் ஏமாற வேண்டாம்.

இவை போகப் பட்டியலில் மீதி இருக்கும் தொகைகள்தான் டீலருக்குப் போகும் பணம். ஹேண்ட்லிங் சார்ஜ் என்பது அரசு வாங்கும் கட்டணம் அல்ல. யார்டிலிருந்து ஷோரூமுக்கு வண்டியைக் கொண்டுவந்து கழுவித் தருவது விற்பவரின் வேலை, அதற்குத்தான் கம்பெனி அவருக்குக் கமிஷன் தருகிறது. "இது எந்த பில்லில் வரும்?" என்று நிதானமாகக் கேளுங்கள். பில்லில் வராத பணத்தைக் கொடுக்காதீர்கள். ஆக்சஸரீஸும் அப்படித்தான். ஃப்ளோர் மேட், மட் ஃப்ளாப், சீட் கவர் எல்லாம் உங்களுக்கு வேண்டுமானால் வாங்கலாம். பேக் எடுத்தால்தான் வண்டி என்று நிபந்தனை போட்டால், அதையே எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் எழுதித் தர மாட்டார்கள், அத்தோடு அந்த வரி பட்டியலிலிருந்து போய்விடும்.

இன்சூரன்ஸில்தான் கிராமத்துக்காரர்கள் அதிகம் இழக்கிறார்கள். புதுக் காருக்கு மூன்றாம் தரப்பு காப்பீடு மூன்று ஆண்டுக்குச் சேர்த்து எடுப்பது 2018 செப்டம்பர் 1 முதல் கட்டாயம். உங்கள் வண்டியின் சேதத்துக்கான காப்பீட்டை ஓராண்டுக்கு எடுத்தால் போதும். யாரிடம் எடுப்பது என்பது உங்கள் விருப்பம். டீலர் மூலம் காப்பீடு விற்பதற்கு காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2017-இல் விதிமுறை வகுத்தது. குறிப்பிட்ட கம்பெனியிடம்தான் எடுக்க வேண்டும் என்று வாடிக்கையாளரைக் கட்டாயப்படுத்த அதில் இடமில்லை. வெளியே ஒரு ஏஜெண்டிடம் அதே காருக்கு, அதே ஆட்-ஆன்களோடு விலை கேட்டு அந்தத் தாளை ஷோரூமில் காட்டுங்கள்.

தள்ளுபடி ஏன் எல்லா ஷோரூமிலும் ஒரே மாதிரி இருக்கிறது என்று பலர் கேட்கிறார்கள். 2021 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் மாருதி சுசுகிக்கு 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கம்பெனி அனுமதித்த அளவுக்கு மேல் டீலர்கள் தள்ளுபடி தரக் கூடாது என்று கட்டுப்படுத்தியதாகவும், வாடிக்கையாளர் வேடத்தில் ஆட்களை ஷோரூமுக்கு அனுப்பிக் கண்காணித்ததாகவும், மீறிய டீலருக்கும் ஊழியருக்கும் அபராதம் போட்டதாகவும் ஆணையம் சொன்னது. கம்பெனி மேல்முறையீடு செய்து தடை வாங்கியது. இதே போன்ற புகாரில் 2017-இல் ஹூண்டாய்க்குப் போட்ட 87 கோடி அபராதம் மறு ஆண்டு மேல்முறையீட்டில் ரத்தானது. ஆகவே எதிரே உட்கார்ந்திருக்கும் விற்பனைப் பிள்ளையின் கை சில நேரம் உண்மையிலேயே கட்டப்பட்டிருக்கும். அவரிடம் கோபப்பட்டுப் பயனில்லை, மேனேஜரிடம் பேசுங்கள்.

இனி கடலூர். தாராளமாக எடுக்கலாம், ஆனால் ஒரு வேலை உங்கள் தலையில் விழும். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, டீலர் இருக்கும் மாநிலத்திலேயே வண்டி பதிவானால் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டியவர் டீலர். கடலூர் டீலர் தமிழ்நாட்டில் இருக்கிறார், உங்கள் வண்டியோ புதுச்சேரியில் பதிவாக வேண்டும். தற்காலிகப் பதிவு எண்ணோடு ஓட்டி வந்து இங்கே போக்குவரத்துத் துறையில் நீங்கள்தான் பதிய வேண்டும். அந்த அலைச்சலுக்கும் செலவுக்கும் மேல் விலை குறைந்தால் போங்கள்.

கட்டிய புக்கிங் பணத்துக்கு ரசீது இருக்கிறதா? அதில் மாடல், வேரியண்ட், நிறம், விலை, டெலிவரி தேதி, ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்ற ஆறும் இருக்க வேண்டும். இல்லையென்றால் மீதிப் பணம் கட்டும் முன் இன்றே போய் எழுதி வாங்குங்கள்.

கேள்வி: வில்லியனூரில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். ஆவணி முகூர்த்த நாளில் காலை ஏழரைக்குள் வண்டியை எடுக்க வேண்டும் என்று வீட்டில் சொன்னதால் அவசரமாக எடுத்து, திருக்காமீசுவரர் கோயிலில் பூஜை போட்டு வந்துவிட்டோம். ஒரு வாரம் கழித்துத் தாள்களைப் பார்த்தால் வண்டி போன வருடம் தயாரித்தது என்று இருக்கிறது. கம்பெனிக்குப் போன் செய்தால் "டீலரிடம் கேளுங்கள்" என்கிறார்கள். யார் பொறுப்பு?

பதில்: உங்கள் கேள்வியைப் போன்ற ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. கோவாவில் 2011-இல் ஒருவர் அந்த ஆண்டு மாடலுக்குப் பணம் கட்டினார். அவருக்குத் தர வந்தது 2009-இல் தயாரித்த கார், அதுவும் 622 கிலோமீட்டர் ஓடியது. அவர் வாங்க மறுத்து நுகர்வோர் மன்றம் போனார். கீழ் மன்றங்கள் டீலரும் டாடா மோட்டார்ஸும் சேர்ந்து பொறுப்பு என்றன. 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கம்பெனியை விடுவித்தது. கம்பெனியும் டீலரும் தனித்தனி வியாபாரிகள், டீலர் செய்தது கம்பெனிக்குத் தெரியும் என்று நிரூபிக்காத வரை கம்பெனியைப் பிடிக்க முடியாது என்றது. டீலர் மீதான பொறுப்பு அப்படியே நின்றது. விளம்பரத்தில் கம்பெனி பெயரைப் பார்த்துத்தான் நாம் உள்ளே நுழைகிறோம். ஆனால் சட்டத்தின் கண்ணில் விற்றவர் வேறு, தயாரித்தவர் வேறு. ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது டீலரிடம், அதுவும் எழுத்தில். மெயில் அனுப்பி, பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். போன வருடம் தயாரித்த வண்டியை விற்பதே குற்றம் ஆகாது. அதைச் சொல்லி, அதற்கேற்ப விலை குறைத்து விற்றால் நியாயமான வியாபாரம். சொல்லாமல், புது வருட விலைக்கு விற்றிருந்தால்தான் உங்களுக்கு வழக்கு உண்டு. உங்கள் புக்கிங் தாளில் தயாரிப்பு ஆண்டு எழுதியிருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். விற்பனைச் சான்றான படிவம் 21-இல் தயாரிப்பு மாதமும் ஆண்டும் இருக்கும். அதில் நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தால் "தெரிந்துதான் வாங்கினார்" என்று வாதிடுவார்கள். எனவே விலையில் எவ்வளவு குறைத்தார்கள் என்பதே உங்கள் முக்கியமான கேள்வியாக இருக்கட்டும்.

நல்ல நேரம் பார்ப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். வாழ்நாளில் ஒருமுறை வாங்கும் பொருளை நல்ல நாளில் எடுக்க நினைப்பது நம் மரபு. ஆனால் வண்டியைப் பார்க்கிற நாளும் எடுக்கிற நாளும் ஒன்றாக இருக்கக் கூடாது. பதிவு செய்வதற்கு முன்பே, பகல் வெளிச்சத்தில், யார்டிலேயே போய்ப் பாருங்கள். சேஸிஸ் எண்ணைத் தாளோடு ஒப்பிடுங்கள், ஓடோமீட்டரைப் போட்டோ எடுங்கள், பெயிண்டின் நிறம் கதவுக்குக் கதவு மாறுகிறதா பாருங்கள், டயர் ஐந்திலும் தயாரிப்பு வாரத்தைப் படியுங்கள். பதிவு ஆகிவிட்டால் குறையைச் சரிசெய்து தருகிறேன் என்பார்களே தவிர வேறு வண்டி தர மாட்டார்கள். தற்காலிகமாகவேனும் பதிவு எண் இல்லாமல் வண்டியை ஒப்படைக்கக் கூடாது என்பது மத்திய மோட்டார் வாகன விதி 42. "இப்போது எடுத்துப் போங்க, நம்பர் அடுத்த வாரம்" என்றால் மறுத்துவிடுங்கள். வழியில் விபத்து நடந்தால் அவஸ்தை உங்களுக்குத்தான்.

கேள்வி: ஐயா, நான் மங்கலம் பக்கத்துப் பள்ளியில் ஆசிரியை. என் சம்பளத்தில் வாங்கிய கார். சர்வீஸ் விட்டால் ஒவ்வொரு முறையும் த்ராட்டில் கிளீனிங், ஏ.சி. கிளீனிங், அண்டர்பாடி கோட்டிங் என்று சேர்த்து பில் இரண்டு மடங்கு வருகிறது. நான் கேட்டால் பதில் சொல்லாமல் கூட வந்த தம்பியிடம் பேசுகிறார்கள். எங்கள் ஊர் மெக்கானிக்கிடம் விடலாமா? வாரண்டி போய்விடும் என்று பயமுறுத்துகிறார்கள்.

பதில்: அம்மா, அந்தத் தம்பியை அடுத்த முறை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். வண்டி உங்கள் பெயரில், பணமும் உங்களுடையது. சர்வீஸ் அட்வைசர் உங்களிடம்தான் பேசியாக வேண்டும்.

வண்டியை விடும்போது ஜாப் கார்டு போடுவார்கள். அதில் நீங்கள் சொன்ன வேலைகள், மதிப்பிட்ட தொகை, கிலோமீட்டர், பெட்ரோல் அளவு எல்லாம் எழுதியதும் கையெழுத்துப் போடுங்கள். "இதற்கு மேல் எந்த வேலையும் என்னிடம் கேட்காமல் செய்யக் கூடாது" என்று உங்கள் கையாலேயே கீழே ஒரு வரி எழுதுங்கள். எழுதி வைத்த அந்த வரிக்குப் பிறகு, கேட்காமல் செய்த வேலைக்குப் பணம் கேட்பது அவர்களுக்குக் கடினம். கம்பெனி தந்த கையேட்டில் எத்தனை கிலோமீட்டரில் எதை மாற்ற வேண்டும் என்ற அட்டவணை இருக்கிறது. அதைத் திறந்து மேஜை மேல் வையுங்கள். நீங்கள் சொன்ன மூன்று வேலைகளையும் அந்த அட்டவணையில் தேடிப் பாருங்கள், இல்லாததை வேண்டாம் என்று சொல்லலாம். அண்டர்பாடி கோட்டிங் கடற்கரை ஓரத்தில் ஓடும் வண்டிக்கு ஓரளவு பயன் தரும், ஆனால் ஒவ்வொரு சர்வீஸுக்கும் தேவையில்லை. மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். எடுத்துப் போக வேண்டாம், கண்ணால் பார்த்தால் போதும்.

ஊர் மெக்கானிக் விஷயத்துக்கு வருகிறேன். 2014 ஆகஸ்ட் 25-இல் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் போட்டது. உதிரிபாகங்களையும் பழுதுபார்க்கும் கருவி, தகவல்களையும் வெளிச்சந்தைக்குத் தராமல், எல்லாரையும் தங்கள் சர்வீஸ் சென்டருக்கே வரவைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. வெளி மெக்கானிக்கிடம் விட்டார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை ரத்து செய்யும் பொது நிபந்தனை கூடாது, அந்த மெக்கானிக்கின் தவறான வேலையால் வந்த பழுதுக்கு மட்டும் மறுக்கலாம் என்றும் ஆணையம் சொன்னது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின, வழக்கு நீண்டது. நடைமுறையில் நான் சொல்வது: வாரண்டி இருக்கும் காலத்தில் இன்ஜின் ஆயில், ஃபில்டர் மாற்றும் வழக்கமான சர்வீஸை கம்பெனி சென்டரிலேயே செய்யுங்கள். அந்தப் பதிவு தொடர்ச்சியாக இருந்தால் பின்னால் யாரும் சாக்குச் சொல்ல முடியாது. பஞ்சர், வைப்பர், பேட்டரி, சின்னக் கீறல், வீல் அலைன்மென்ட் எல்லாவற்றையும் ஊர்க்காரரிடம் தயங்காமல் விடுங்கள். வாரண்டி முடிந்த பிறகு முழு வேலையையும் அவரிடமே கொடுக்கலாம், பில்லோடு.

கேள்வி: என் மச்சான் கடலூரில் இருக்கிறார். பெரிய கார் எடுக்கிறார். புதுச்சேரியில் வரி குறைவு என்பதால் கன்னியக்கோயிலில் உள்ள என் வீட்டு முகவரியில் பதியலாம் என்று விற்பனையாளரே யோசனை சொன்னாராம். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். உரிமையாளர் எங்கே வசிக்கிறாரோ, வண்டி வழக்கமாக எங்கே நிற்கிறதோ அங்கேதான் பதிய வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 40. வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்து ஓட்டினால் அங்கே புது எண் வாங்க வேண்டும் என்கிறது பிரிவு 47. 2017-இல் கேரளத்தில் நடிகர்கள் உள்பட வசதியானவர்கள் பலர் புதுச்சேரி முகவரியில் சொகுசுக் கார்களைப் பதிந்தது விசாரணைக்குப் போனது. போலீஸ் அந்தந்த முகவரிகளைத் தேடி இங்கே வந்தது. அபராத நோட்டீஸ், நீதிமன்ற சம்மன் எல்லாம் உங்கள் வாசலுக்கு வரும். யோசனை சொன்ன விற்பனையாளர் அப்போது பக்கத்தில் நிற்க மாட்டார். உறவு கெடாமல் மறுக்க வேண்டுமென்றால், சட்டத்தைக் காரணம் காட்டுங்கள்.

கேள்வி: வில்லியனூரில் சொந்தமாக டாக்ஸி ஓட்டுகிறேன். வாங்கி எட்டு மாதத்தில் கியர் பாக்ஸ் நான்கு முறை இறங்கிவிட்டது. ஒவ்வொரு முறையும் ஒரு வாரம், பத்து நாள் வண்டி நிற்கிறது, தவணை நிற்கவில்லை. புது வண்டி கேட்டேன். "மஞ்சள் போர்டு வண்டிக்கு நுகர்வோர் கோர்ட் கிடையாது" என்கிறார் மேனேஜர். உண்மையா ஐயா?

பதில்: உண்மையில்லை, அவர் சொன்னதை நம்பி நீங்கள் ஒதுங்கிவிடக் கூடாது. வியாபாரத்துக்காக வாங்கிய பொருளுக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்பது சரிதான். ஆனால் சொந்தமாக உழைத்துப் பிழைப்பதற்காக வாங்கினால் அது வியாபார நோக்கம் ஆகாது. கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் எதிர்த்தரப்பாக இருந்த லக்ஷ்மி இன்ஜினியரிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995-லேயே இதை விளக்கிவிட்டது. பிழைப்புக்காக ஆட்டோ வாங்கித் தானே ஓட்டுபவர் நுகர்வோர்தான் என்பதை அந்தத் தீர்ப்பே உதாரணமாகச் சொல்கிறது. நீங்களே ஓட்டுகிறீர்கள் என்பதற்கு லைசென்ஸ், பர்மிட், டிரிப் பதிவு இவற்றை எடுத்து வையுங்கள்.

புது வண்டி கிடைக்குமா என்பது வேறு கேள்வி. 2006-இல் மாருதி சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில், பாகத்தை மாற்றினால் சரியாகும் பழுதுக்கு முழு வண்டியையும் மாற்றச் சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் கருதியது. 2022-இல் ஹூண்டாய் க்ரெட்டா வழக்கில் வேறு முடிவு வந்தது. 2017-இல் விபத்து நடந்தும் ஏர்பேக் விரியவில்லை. மோதிய வேகம் போதாது என்று கம்பெனி வாதிட்டது. வாங்குபவர் வேகக் கணக்குப் போட இயற்பியல் நிபுணர் அல்ல என்று சொல்லி, வண்டியை மாற்றவும் 3 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் பிறந்த உத்தரவை நீதிமன்றம் உறுதி செய்தது. உங்கள் வழக்கு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. நான்கு முறை ஒரே பழுது என்பதை நான்கு ஜாப் கார்டுகளும் சொல்ல வேண்டும். "கஸ்டமர் புகார்: சத்தம்" என்று மட்டும் எழுதியிருந்தால் அடுத்த முறை விடும்போது முழுதாக எழுதச் சொல்லுங்கள். வண்டி விட்ட தேதியும் எடுத்த தேதியும் முக்கியம், இழந்த வருமானத்தைக் கணக்கிட அவைதான் ஆதாரம்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் பதியுங்கள். பல தகராறுகள் அங்கேயே தீர்கின்றன. தீராவிட்டால் புதுச்சேரி மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் வரை இருந்தால் அங்கேயே போடலாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய். வழக்கறிஞர் கட்டாயமில்லை. 2019 நுகர்வோர் சட்டத்தின்படி நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், ஆகவே வெளியூர் ஷோரூம் என்றாலும் நீங்கள் அலைய வேண்டாம். இரண்டு ஆண்டுக் கெடு மட்டும் நினைவிருக்கட்டும். இது தயாரிப்புக் குறை என்பதால் டீலரையும் கம்பெனியையும் சேர்த்தே எதிர்த்தரப்பாக்குங்கள்.

கேள்வி: 2024 ஃபெஞ்சல் புயலில் எங்கள் பாகூர் வீட்டு வாசலில் நின்ற கார் மூழ்கியது. தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தோம், இன்ஜின் பிடித்துக்கொண்டது. இன்சூரன்ஸ் இருந்தும் இன்ஜினுக்குப் பணம் இல்லை என்றார்கள். இனி வந்தால் என்ன செய்வது?

பதில்: அந்த மழையை யாரும் மறக்க மாட்டோம். நவம்பர் 30 இரவு புயல் கரை கடந்தது, ஒரே நாளில் 48 செ.மீ. மழை. அடுத்த சில நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் பெருகி பாகூர் கிராமங்களுக்குள் புகுந்தது. உங்களைப் போல் எத்தனையோ பேர் நல்லெண்ணத்தோடு சாவியைத் திருப்பி இன்ஜினை இழந்தார்கள்.

சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது பிஸ்டன் மேலே ஏறினால், காற்றைப் போல் தண்ணீர் நசுங்காது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வெள்ளச் சேதத்தைச் சாதாரண முழுக் காப்பீடு ஏற்கும். ஆனால் நனைந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததால் வந்த உடைப்பை அது பின்விளைவு என்று ஒதுக்கிவிடும். அதற்கு இன்ஜின் புரொடெக்ட் என்ற தனி ஆட்-ஆன் வேண்டும். ஷோரூமில் பாலிசி எடுக்கும்போது ஏரிக் கரையிலும் ஆற்றோரத்திலும் குடியிருப்பவர்களுக்கு இதைச் சொல்லியிருக்க வேண்டும், பல இடங்களில் சொல்வதில்லை என்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

இனி சக்கரம் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஏறினால் சாவியைத் தொடாதீர்கள். முடிந்தால் பேட்டரி வயரைக் கழற்றுங்கள். தண்ணீர் எந்த மட்டம் வரை நின்றது என்று தெரியும்படி தேதியோடு போட்டோ எடுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு உடனே தகவல் கொடுத்து புகார் எண்ணை எழுதி வையுங்கள். பிறகு வண்டியைக் கட்டி இழுத்துதான் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போக வேண்டும். சர்வேயர் பார்க்கும் வரை இன்ஜினைப் பிரிக்க விடாதீர்கள். உங்கள் பாலிசி ஐப்பசிக்குப் பிறகுதான் புதுப்பிக்க வருகிறது என்றால் அதுவரை காத்திருக்காமல், இடையிலேயே இன்ஜின் புரொடெக்ட் சேர்க்க முடியுமா என்று கம்பெனியிடம் இப்போதே கேட்டுப் பாருங்கள். முடியாது என்றால் மழை எச்சரிக்கை வரும் நாளில் வண்டியை மேட்டில் உள்ள உறவினர் வீட்டில் நிறுத்துங்கள்.